சில்வெஸ்டர் அண்ணன் கொட்டிய ‘ம்’

கமுந்திங் கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து காலை ஏழு மணிக்கு வேனில் ஏறினால், பதினோரு பெண்களில் பத்துப் பேர் உட்கார்ந்த மறுநிமிடமே குறட்டை விட ஆரம்பித்துவிடுவார்கள். நித்திரை சுகம் அறியாது என்று சும்மாவா சொன்னார்கள்? கலாதேவியின் தலை ஜன்னல் கண்ணாடியில் டங் டங்கென்று மோதும், அவள் அசையமாட்டாள். விழித்திருப்பது நவமணி மட்டும்தான். டிரைவருக்கு நேர் பின்சீட்டு அவளுடையது. சுங்கை சிப்புட் போய்ச் சேரும்வரை கதை சொல்வது அவள் வேலை.

அந்த வேலையை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை, அவளாக எடுத்துக்கொண்டாள். டிரைவர் சில்வெஸ்டர் அண்ணனின் மனைவி பமேலா பக்கவாதத்தில் படுத்து ஏழு மாதம் ஆகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். கழுவுவது, கஞ்சி புகட்டுவது எல்லாம் அண்ணன்தான். வேன் ஓட்டும் நேரத்தில் மட்டும் பக்கத்து வீட்டுக் குழந்தையம்மாள் வந்து பார்த்துக்கொள்வாள்.

“நீங்க எப்பதான் தூங்குவீங்க அண்ணே?” என்று நவமணி ஒருநாள் கேட்டாள்.

“தூங்குறேன்லா, அப்பப்போ.”

அந்த ‘அப்பப்போ’வில் வேன் ஓட்டும் நேரமும் சேர்த்தி என்பது அன்றைக்கு அவளுக்கு விளங்கவில்லை. ஆனாலும் மனசு கேட்காமல் கதை சொல்லத் தொடங்கினாள். ம் கொட்டாவிட்டால் கதை கிடையாது என்று முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள். அண்ணனும் தவறாமல் கொட்டினார். ம் வருகிறது, ஆகவே ஆள் விழித்திருக்கிறார். எந்தத் தமிழச்சியும் அப்படித்தான் நினைப்பாள்.

இப்படி ஒருநாள் காலை, தன் மகள் தினேஸ்வரியின் கதை. ஈப்போவில் தங்கி நர்சிங் படிக்கப் போகிறேன் என்கிறாள் மகள்; வீட்டைவிட்டு அனுப்பமாட்டேன் என்கிறார் அவள் அப்பா. புக்கிட் பெராப்பிட் வளைவுகளில் வேன் இறங்கும்போது கதையும் சூடாகிவிட்டது.

“போடின்னு நானே சொல்லிட்டேன் அண்ணே. செஞ்சது சரிதானே?”

“ம்.”

முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. வேன் வேகம் குறையவில்லை.

“அண்ணே, லோரி.”

“ம்.”

“பிரேக்கு அண்ணே!”

“ம்.”

அதே ம். கதைக்குக் கொட்டிய அதே சாவதானமான ம். நவமணி டிரைவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தாள். அண்ணனின் கண் திறந்துதான் இருந்தது, கை ஸ்டியரிங்கில்தான் இருந்தது. ஆள் மட்டும் அங்கே இல்லை. சாப்பாட்டு டப்பாவால் அவர் தோளில் ஓங்கி ஒரு போடு போட்டாள். வேன் கிரீச்சிட்டு ஓரத்துப் புல்லில் ஏறி நின்றது. லோரி எதுவும் அறியாமல் போய்க்கொண்டிருந்தது. பத்துப் பேரும் அலறிக்கொண்டு எழுந்தார்கள்.

“தூங்கலலா நவமணி. சத்தியமா, நீ சொன்னதெல்லாம் கேட்டேன்.”

“அப்ப சொல்லுங்க. என்ன கேட்டீங்க?”

“தினேஸ்வரி நர்சிங் படிக்கணும்னா... அப்பறம் உன் வீட்டுக்காரரு கத்துனாரு... அப்பறம்...” அண்ணன் நெற்றியைத் தேய்த்தார். “அப்பறம் லோரி.”

அண்ணன் சொன்னதில், நடுவில் மகள் அழுதது இல்லை. அவள் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றது இல்லை. இரண்டு விநாடி, மூன்று விநாடி என்று அண்ணன் தூக்கத்துக்குள் போய்ப் போய் வந்திருக்கிறார். போனது அவருக்கே தெரியவில்லை. இத்தனை நாளும் வேனிலிருந்த பன்னிரண்டு உயிரும் அந்த ஓட்டைகள் வழியாகத்தான் தப்பி வந்திருக்கின்றன.

அண்ணனின் முகம் சுருங்கிவிட்டது. “வேன் கொன்ட்ரேக்டர்கிட்ட சொல்லிராதம்மா. இந்த வேலையும் போச்சுன்னா பமேலாவ வெச்சிக்கிட்டு நான் எங்க போவேன்?”

அவளுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

“சொல்ல மாட்டேன். மொதல்ல சாவியக் கொடுங்க.”

“பமேலாவுக்குக் கஞ்சி...”

“குழந்தையம்மாள் அக்காவுக்கு நான் போன் போடுறேன்.”

பின்னாலிருந்து கலாதேவி குரல் கொடுத்தாள். “லேட்டானா தாப்பாலா, பரவால்ல அண்ணே, உசுரோட போலாம். இனிமே கெளம்புறதுக்கு முன்னால நீங்க ஒரு மணி நேரம் தூங்கிட்டுத்தான் வண்டிய எடுக்கணும். லீவு நாள்ல ஆள் மாத்தி ஆள் நாங்க வந்து பமேலா அக்காவப் பாத்துக்கிறோம்.” மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

அண்ணன் சாவியை உருவி நவமணியின் கையில் வைத்தார்.

“இப்பவாச்சும் உண்மையச் சொல்லுங்க அண்ணே. தூக்கம் வருதா?”

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

“ம்,” என்றார்.

சீட்டைச் சாய்த்துக் கொடுத்தார்கள். நவமணி குழந்தையம்மாளுக்குப் போன் செய்து, கஞ்சிக்கு ஏற்பாடு செய்துவிட்டுத் தன் இடத்துக்கு வந்தாள். சாவியை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் மனசு அடங்கவில்லை.

“பையத் தூக்கிக்கிட்டு வாசல்ல நின்னா அண்ணே எம் மவ,” என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

ம் வரவில்லை. நவமணி நிம்மதியாகக் கண்ணை மூடினாள்.