கேப்பு வெடிக்காத துப்பாக்கி

கோமுகி அணைக்கு மேலே, உண்ணிப் புதர் ஓரம் காட்டுப்பன்றி வந்து நின்றது. நானும் என் மருமகன் வேடியப்பனும் ஒரே நேரத்தில் நாட்டுத் துப்பாக்கி விசையை இழுத்தோம். அவனுடையது வெடித்தது. என்னுடையதில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு நமுத்துப்போய் டிக்கென்றது, அவ்வளவுதான். அவன் வெடிச் சத்தத்தில் அது அவனுக்குக் கேட்டிருக்காது. பன்றி அடிபட்டுப் புதருக்குள் ஓடியது.

"என் குண்டுதான் பட்டுச்சி" என்றேன்.

பொய்தான். ஆனால் இவனை எனக்குத் தெரியும். "உங்கப்பனுக்குக் கண்ணு போச்சி, இனிமே வேட்டைக்கு இட்டுக்கினு போவ மாட்டேன்" என்று என் பெண் செல்வியிடம் போன மாசம் சொன்னவன். விட்டால் என்னை வூட்டோடு உட்கார வைத்துவிடுவான்.

"அப்டியா மாமா? அப்ப மறுபடி மருந்து கெட்டிச்சிக்கினு நீங்களே முன்னால போங்க."

யார் குண்டு பட்டதோ அவன்தான் அடிபட்டதன் பின்னால் முதலில் நுழைய வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம். அவனும் தன் துப்பாக்கியைக் கெட்டித்துவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். என் குழாயில் பழைய மருந்தும் குண்டும் அப்படியே கிடந்தன. அதன் மேலேயே இன்னொரு பங்கு மருந்தைக் கொட்டி, குண்டு போட்டு, கம்பியால் இடித்தேன். கம்பி நாலு விரல் ஜாஸ்தியாக வெளியே நின்றது. உள்ளங்கையால் மறைத்தேன். புதுக் கேப்பு மாட்டினேன். சுட்டால் குழாய் பிளக்கும். நான் சுடப்போவதில்லை, பின்னால் வருகிறவன் சுடட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே நிமிர முடியாது. சருகைக் கையால் ஒதுக்கி, அந்த இடத்தில் முட்டியை வைத்து, மூச்சு விட்டு, மறுபடி சருகு. முள் காதைக் கிழித்தது. தலையை இழுத்தால் செடி ஆடும், கிழியட்டும் என்று விட்டேன். இலையில் ரத்தம் காயவில்லை. எதிர்க் காற்றில் சேற்று நாற்றம் வந்தது. பிறகு அதன் மூச்சுச் சத்தம். பத்தடி இருக்கும்.

"சுடுங்க" என்று முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தான்.

நான் சுடவில்லை.

பன்றி என்னைத் தள்ளிவிட்டு அவன் தொடையைக் கிழித்தது. அவன் துப்பாக்கி எங்கோ போய் விழுந்தது. "யோவ் மாமா, சுடுய்யா!" என்று கத்திக்கொண்டே என்னுடையதைப் பிடுங்கினான். வேணாம் என்று சொல்ல நேரம் இருந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பான். சொல்லவில்லை.

புகை அடங்கியபோது பன்றி செத்துக் கிடந்தது. அவன் இடது கை மணிக்கட்டோடு போயிருந்தது. கண் இரண்டும் ரத்தம்.

ஆஸ்பத்திரியில் செல்வி என்னைப் பார்த்து, "இன்னாப்பா ஆச்சி?" என்றாள்.

கட்டுக்குள்ளிருந்து அவனே சொன்னான்: "துப்பாக்கி பழசுடி, வெடிச்சிடுச்சி. ஆனா மொதல்ல பட்டது மாமா குண்டுதான். கண்ணு போச்சின்னு நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

செல்வி என் முகத்தையே பார்த்தாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.