இரண்டு முறை நகர்ந்த இடம்

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கூட்டம். அதில் கல்லுக்குட்டியை ‘மிக அருகிய இனம்’ பட்டியலிலிருந்து எடுத்து ‘அற்றுவிட்ட இனம்’ பட்டியலில் போட்டுவிடப் போகிறார்கள். இயக்குநர் இதை ஏதோ மேசை நாற்காலியை இடம் மாற்றுகிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போனார். அருகிய செடிகளின் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் பதிவாளர் அந்தப் படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டாள்.

கல்லுக்குட்டி ஒரு செடி. கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். இரண்டே இலை, அதுவும் தண்ணீரைத் தேக்கிக்கொண்டு கொழுகொழுவென்று உப்பிய இலை. கோடையில் சரளைக்கற்களுக்குள் பதுங்கிவிடும். மிதித்துக்கொண்டு நின்றாலும் தெரியாது. மழை முடிந்து ஒரே ஒரு வாரம், அதிலும் மதியத்தில் மட்டும், மஞ்சளாகப் பூக்கும். கண்டுபிடித்தவர் பதிவாளரின் கணவர். செல்லப்பெயர் வைத்தவரும் அவரே. அவருக்கு அலுவலகம் வைத்த பெயர் கல்லுளிமங்கன். பேசினால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? அப்படி ஒரு மனிதர். ஐந்து வருடம், வருடா வருடம் மலைக்குத் தனியாக ஏறிப் போய்ச் செடிகளைப் பார்த்துவிட்டு வந்தார். ஆறாவது வருடம் மழைக்கு முன்னாலேயே மாரடைப்பு வந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு மூன்று மழைக்காலம், மூன்று குழு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். ஒரு இலைகூட அகப்படவில்லை. மலைக்கு அந்தப்பக்கம் கல்குவாரிக்காரர்கள் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தார்கள். செடி இருக்கிறவரைதான் அந்த மலைக்குப் பாதுகாப்பு. பதிவாளருக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. செடியின் படிவத்தில் ‘கடைசியாகப் பார்த்தவர்’ என்ற கட்டத்தில் கணவர் பெயர் இருந்தது. படிவத்தை மூடிவிட்டால் அந்தப் பெயரை இனி யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள்.

இந்த மாதிரிச் செடிகளைத் திருடுவதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. பிடுங்கிக்கொண்டு போய்ப் பணக்கார வீட்டு ஜன்னலில் தொட்டிக்குள் வைப்பார்கள், பாவிகள். அதனால் பதிவேட்டில் உண்மையான இடம் எழுதுவதில்லை. களத்திலிருந்து வருகிற இட எண்களை, அதாவது அட்சரேகை தீர்க்கரேகையை, பதிவாளர் கொஞ்சம் நகர்த்தித்தான் ஏற்றுவாள். எவ்வளவு நகர்த்தினாள், எந்தப் பக்கம் என்பது உறைக்குள் வைத்து ஒட்டி இயக்குநரின் இரும்பு அலமாரியில் இருக்கும். வேறு யாரிடமும், வீட்டு மனிதர்களிடமும்கூட, மூச்சுவிடக் கூடாது. குழுக்கள் போனபோது அவளே உறையைப் பிரித்து, நகர்த்தியதைத் திரும்பக் கழித்து, சரியான எண்களைக் கொடுத்தாள். அவை காட்டிய இடமும் மலையடிவாரப் பாலத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், அதே மலையில்தான் இருந்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

புதன்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, கணவருடைய களக் குறிப்பேட்டை எடுத்தாள். மூன்று வருடமாக அதைத் திறக்கும்போதெல்லாம் எண்கள் இருக்கிற வரியை மட்டும் விட்டு மற்ற வரிகளை ஸ்கேலால் மறைத்துக்கொள்வாள். அந்தக் கையெழுத்தை மொத்தமாகப் பார்க்கிற தைரியம் இல்லை. இன்றைக்கு ஸ்கேலை எடுத்துவிட்டாள்.

“பாலத்தடியில் ஜீப். மேடம் காலைச் சுளுக்கிக்கொண்டு உள்ளே இருக்கிறார். கடுங்கோபம். திரும்பும்போது சமாதானம் பேச வேண்டும்.” பக்கத்தில் பாலத்தடியின் இட எண்கள்.

அவளுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. முதல் வருடம். ஆசை ஆசையாகக் கூடப் போனவளை ஜீப்பில் உட்கார வைத்துவிட்டு அவர் மட்டும் ஏறிப் போனார். நான்கு மணி நேரம். திரும்பி வந்தவரிடம், “எங்கயாம் இருக்கு?” என்றாள். “மேல” என்றார். சமாதானமாம்! ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் வீடு வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள்.

கை பழக்கத்தில் பாலத்தின் எண்களைக் கணினி வரைபடத்தில் தட்டினாள். புள்ளி ஏரிக்கு நடுவில் போய் விழுந்தது. மறுபடியும் தட்டினாள். மறுபடியும் ஏரி.

“பாலம் எப்ப ஏரிக்குள்ள போச்சு?” என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

அப்புறம்தான் உறைத்தது. அவரும் நகர்த்தியிருக்கிறார். குறிப்பேடு திருடன் கையில் சிக்கினாலும் பயன்படாமல் போகட்டும் என்று களத்திலேயே நகர்த்தி எழுதியிருக்கிறார். ஜீப் நின்ற இடத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. அதை உண்மை என்று நம்பி இவள் இன்னொரு தடவை நகர்த்தியிருக்கிறாள். உறையைப் பிரித்துக் கழித்தபோது கழிந்தது இவளுடையது மட்டும். அவருடையது அப்படியே நின்றுவிட்டது. ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, ரகசியத்தை ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் இரண்டு பேரும் காத்து வந்திருக்கிறார்கள்!

“அடப்பாவி மனுஷா! எங்கிட்டகூடவா?” என்றாள். சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. தானும் அவரிடம் சொல்லவில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பாலம் உண்மையில் இருக்கிற இடத்துக்கும் ஏரிப் புள்ளிக்கும் எவ்வளவு வித்தியாசமோ, அதே அளவு செடியின் எண்களையும் நகர்த்தினாள். புள்ளி மலையின் கிழக்குச் சரிவில் போய் நின்றது. அந்தப் பக்கம் எந்தக் குழுவும் எட்டிப் பார்த்ததில்லை.

இயக்குநரிடம் போனாள். “நாளைக்கு ஜீப் வேணும் சார். மழை முடிஞ்ச வாரம் இது.”

“நீங்களா? மலைக்கா? உங்க முட்டி என்னத்துக்கு ஆகும்?”

“முட்டி என்னோடது சார். ஜீப்தான் உங்களோடது.”

மறுநாள் டிரைவர் பாலத்தடியில் வண்டியை நிறுத்தினார். அந்த நாளில் ஓட்டி வந்த அதே டிரைவர். இத்தனை வருடத்தில் அவரும் பாலத்தைத் தாண்டி ஏறியதில்லை. “தனியா விடமாட்டேம்மா” என்று தண்ணீர்ப் பாட்டிலோடு கூடவே வந்தார். இரண்டு இடத்தில் அவள் தவழாத குறையாக ஏறினாள். போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு.

சரளை முழுக்க மஞ்சள். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஒவ்வொரு செடிக்குப் பக்கத்திலும் ஒரு தகரத் துண்டு, ஆணியால் கீறிய எண். ஏழு அவர் எழுதுகிற ஏழுதான், குறுக்கே ஒரு கோட்டோடு. ஒன்றிலிருந்து நாற்பத்தொன்று வரை எண்ணினாள். ஆறு தகரங்களுக்குப் பக்கத்தில் வெறும் கல். முப்பத்தைந்து உயிரோடு இருந்தன. அவற்றுக்கு நடுவே, தகரமே இல்லாமல், உளுந்து அளவிலும் பட்டாணி அளவிலும் பதினாறு குட்டிகள்.

அவர் போன பிறகு முளைத்தவை. அவருக்குத் தெரியாதவை. “ஏங்க, பதினாறு!” என்று ஓடிப் போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. கேட்டால் “ம்” என்று மட்டும் சொல்லியிருப்பார். அந்த ஒரு “ம்”முக்காக அவளுக்கு நெஞ்சு ஏங்கித் தவித்தது.

படம் எடுத்தாள். படிவத்தை முட்டியில் வைத்து நிரப்பினாள். உயிருள்ளவை: ஐம்பத்தொன்று. ‘கடைசியாகப் பார்த்தவர்’ கட்டத்தில் அவர் பெயரை அடித்துத் தன் பெயரை எழுத வேண்டும். அப்படி எழுதினால்தான் நாளைக்குச் செடி பிழைக்கும். பேனா ரொம்ப நேரம் அங்கேயே நின்றது. பிறகு எழுதினாள்.

எழுந்தபோது, செடிகளுக்கு ஓரமாக உட்கார வாகாகப் போட்ட ஒரு தட்டைக்கல்லைப் பார்த்தாள். அவர் போட்டதாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அது செடிகளைப் பார்த்து இல்லை. அதில் உட்கார்ந்தாள். நேர் கீழே பாலம். பாலத்தடியில் தீப்பெட்டி அளவில் ஜீப். அன்றைக்கு அதற்குள் உட்கார்ந்துகொண்டு, மேலே போன மனிதர் தன்னை அடியோடு மறந்துவிட்டார் என்று நான்கு மணி நேரம் கறுவிக்கொண்டிருந்தாள்.

“சரி, சமாதானம்” என்றாள்.

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த டிரைவர் திரும்பினார். “என்னம்மா சொன்னீங்க?”

“உங்ககிட்ட இல்லண்ணே.”