முடிக்கு நிறை வெள்ளி

பிஸ்கட் தகரத்தைத் திறந்து அச்சிமுகம்மது எண்ணிப் பார்த்தார். பதினொரு காசில் ஒன்றைக் காணவில்லை. கல்முனையில் சைக்கிள் கடை வைத்திருப்பவருக்கு ஜெர்மன்காரனின் பழங்காசில் என்ன மோகம் என்று ஊரே கேட்டு ஓய்ந்துவிட்டது. எழுபத்தெட்டில் அறுகம்பேக்கு வந்த வெள்ளைக்காரன் ஒருவனின் சைக்கிளைத் திருத்தியபோது, கூலியோடு ஒரு வெள்ளிக்காசும் கிடைத்தது. நூறு வருசத்துக்கு முன் ஜெர்மனியில் நம் ஊரளவு நாட்டுக்கும் சொந்தக் காசு இருந்ததாம். அதில் விழுந்தவர்தான். மூன்று வருசமாக அவனுக்குக் கடிதம் எழுதி எழுதிச் சேர்த்தார். தொலைந்தது லிப்பே நாட்டுக் காசு, 1847, கிரீடத்துக்குக் கீழே ரோசாப்பூ. இனி அது கிடைக்காது என்று அந்த வெள்ளைக்காரனே எழுதியிருந்தான்.

"பேத்திர முடிய நிறுத்துப் பாத்தன். அந்தக் கறுத்த காசுதான் சரியா வந்திச்சி. பாயிழைக்கிற நாச்சியாக்கு ஸதகாக் குடுத்திட்டன்," என்றாள் மனைவி ஹாஜறா, மீன் கழுவியபடியே.

பிறந்த ஏழாம் நாள் இறக்கிய முடிக்கு நிறை வெள்ளி ஏழைக்குத் தானமாகக் கொடுப்பது வழக்கம்தான். கொடுத்த ஸதகாவை விலைக்கும் திருப்பி வாங்கக் கூடாது என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் அந்தக் காசில் பாதிக்குமேல் செம்பு. வெள்ளி குறைந்தால் ஸதகா எப்படி நிறைவேறும்? இந்த நியாயத்தையும் ஒரு பழைய முழுவெள்ளி ரூபாயையும் மடியில் கட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்தார். வாங்காமல் திரும்புவதில்லை.

கடற்கரை வளவில் பாய் இழைத்துக்கொண்டிருந்த நாச்சியா முழுவதையும் கேட்டாள்.

"நாளைக்கு மகள்ற கொலுசு ஒட்ட தட்டார்ட்டக் குடுக்க வெச்சிரிந்தன். செம்பா காக்கா?" என்றாள், அண்ணனிடம் கேட்பதுபோல்.

"ஓம். வெள்ளி குறைவு."

"அப்ப குறைஞ்ச வெள்ளியத் தாங்க. தந்ததத் திருப்பிக் கேக்காதீங்க."

அவருக்கு அவமானமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. ரூபாயை எடுத்து அவள் பாயில் வைத்தார். எழுந்தவர் நாலடி நடந்து திரும்பி வந்தார்.

"தர வேணாம். கொஞ்சம் காட்டுங்க."

சட்டைப் பையிலிருந்த பற்றுச்சீட்டு ஒன்றை அவள் எடுத்து வைத்த காசின் மேல் விரித்து, காதில் செருகியிருந்த பென்சிலால் தேய்த்தார். அழுத்தித் தேய்த்ததில் முதல் தாள் கிழிந்தது. இரண்டாவதை எடுத்தார். கிரீடம் வந்தது. பிறகு ஒவ்வொரு இதழாக ரோசா.

நாச்சியா இழைப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"இதில பூவா கிடந்திச்சி?"

காசைக் கையில் எடுத்தவள், கறுப்புப் போக முந்தானையால் துடைத்து, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.