மெதுவாக வருவதற்கு எவ்வளவு

ஹெலிகாப்டர் நிலையத்தின் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருப்பவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஹெலிகாப்டர் ஓட்டுகிற, அவளைவிட வயதில் மூத்த கேப்டனுக்கும் அவள் அக்காதான். ஃபோன் வந்தால் எடுப்பது, யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பது, எந்த ஹெலிகாப்டரை அனுப்புவது என்று முடிவு செய்வது, இவ்வளவுதான் வேலை. கேட்க என்னவோ சுலபமாகத்தான் இருக்கும். ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

ஜன்னலுக்கு வெளியே இரண்டு ஹெலிகாப்டர்கள் நிற்கும். ஒன்று புதியது, பேர் சிவப்பி. கிளம்பினால் கண்மூடித் திறப்பதற்குள் மலைக்கு அந்தப் பக்கம் போய்விடும். ஆனால் ஒரு தடவை எழும்பி இறங்கினாலே மேனேஜர் கால்குலேட்டரைத் தேடுவார், அவ்வளவு செலவு. இன்னொன்று பழையது. அதற்குக் கிழவன் என்று பேர். செலவு பாதிக்கும் கீழே, வேகமும் அப்படியே. போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேராமல் இருந்ததில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

போன மாதம் மலைமேல் பங்களாவிலிருந்து ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஃபோனில் அலறினார். அக்கா பதறிப்போய்ச் சிவப்பியை அனுப்பினாள். ஆஸ்பத்திரியில் பார்த்தால் வாயுத் தொல்லை. மேனேஜர் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும், "உலகத்துலேயே ஏப்பத்துக்கு ஹெலிகாப்டர் அனுப்பினது நாமதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்து வைத்தாள்.

அப்புறம் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னும் ஒரு தடவை இப்படி வீணாப் போச்சுன்னா சிவப்பியைத் திருப்பி எடுத்துக்குவாங்க. மேலேருந்து சொல்லிட்டாங்க. அப்புறம் நிஜமாவே சாகக் கிடக்கிறவனுக்கும் கிழவன்தான். யோசிச்சு அனுப்பும்மா."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் கொடுமை.

அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. ஹெலிகாப்டரில் வருகிறவர் ஒரு பைசா தர வேண்டியதில்லை, அத்தனையும் அரசாங்கச் செலவு. ஆனால் அதை ஃபோனில் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. தெரிந்தால் கால் சுளுக்கினவனெல்லாம் ஹெலிகாப்டர் கேட்பான் என்று மேனேஜருக்குப் பயம். யாராவது விலை கேட்டால், "அதை அப்புறம் பேசிக்கலாம்" என்று மழுப்பிவிட வேண்டும். அக்காவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாள், அந்த அளவுக்குப் பழகிவிட்டது.

அன்று மத்தியானம் டீயை வாயில் வைக்கும் நேரத்தில் ஃபோன் அடித்தது. மலைக்காட்டில் மரம் வெட்டுகிற ஒருவன் பேசினான், குரல் நடுங்கியது.

"மரம் உருண்டு எங்க மேஸ்திரி இடுப்பு மேல ஏறிடுச்சுங்க. தள்ளி எடுத்துட்டோம். எந்திரிக்க முடியல. மழையில ரோடு வேற போயிடுச்சு, வண்டி வராது."

"பேசுறாரா?"

"நல்லாப் பேசுறாருங்க. ஸ்பீக்கர்ல போடுறேன்."

மேஸ்திரியின் குரல் தெளிவாக இருந்தது. "ஒண்ணும் இல்லீங்க. கூட இருக்கிறவனுங்க பயந்தாங்கொள்ளிங்க, அதான் உங்களைக் கூப்பிட்டுட்டானுங்க."

"ரத்தம் வருதா அண்ணே?"

"ஒரு சொட்டு இல்லீங்க."

உண்மைதான். வெளியே ஒரு சொட்டு வரவில்லை.

"வலி எப்படி இருக்கு?"

"அது கிடக்கட்டும். ஹெலிகாப்டர் வரும்ங்கிறானுங்களே, எவ்வளவுங்க ஆகும்?"

"அதை அப்புறம் பேசிக்கலாம் அண்ணே. முதல்ல வலியைச் சொல்லுங்க."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஒரு மனுஷன் மனசுக்குள் கணக்குப் போட எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம்.

"எங்க காட்டு மேல சிவப்பா ஒண்ணு பறக்குமே, வேகமாப் போறது, அது வேணாங்க. மெதுவா வர்றதையே அனுப்புங்க. எனக்கென்ன அவசரம்? இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் படுத்துக்கிட்டே கூலி வாங்குறேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடுப்பில் அடிபட்டால் ரத்தம் உள்ளுக்குள்ளேயே கசியும் என்று பயிற்சியில் படித்தது நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. கூடவே மேனேஜரின் ஏப்பமும் வந்தது. விலை விசாரிக்கிறார், கிண்டல் பண்ணுகிறார், இவருக்கா சிவப்பி? எதற்கும் இன்னொரு தடவை கேட்டாள்.

"தலை சுத்துதா? குளிருதா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

அவள் கிழவனை அனுப்பினாள்.

கேப்டன் திரும்பி வந்தபோது வெளிச்சம் இறங்கிவிட்டிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி மேஜையில் வைத்தவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே அக்கா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

"நாங்க இறங்கும்போதே கண்ணு சொருகிடுச்சுக்கா. இடுப்பெலும்பு உடைஞ்சு ரத்தமெல்லாம் உள்ளேயே போயிருக்கு. பாதி வழியில போயிட்டாரு."

"நல்லாப் பேசினாரே."

"குளிருதுன்னு எல்லார் சட்டையையும் கழட்டி வாங்கிப் போத்திக்கிட்டுக் கிடந்தாரு. ஃபோன் பேசுறப்பவே அப்படித்தானாம்."

"சிவப்பி போயிருந்தா?"

கேப்டன் மேஜையில் ஆறிக் கிடந்த டீயை எடுத்து, "இதைக் குடிக்காதீங்க, வேற வாங்கிட்டு வரேன்" என்று எழுந்து போனார்.

மேனேஜர் வந்தார். நல்ல மனுஷன்தான், ஆறுதல் சொல்லத்தான் வந்தார். "உன் மேல எந்தத் தப்பும் இல்லம்மா. வேகமானது வேணாம்னு அவரே சொல்லியிருக்காரு. எல்லாம் ரெக்கார்ட் ஆகியிருக்கு."

அழுதால் பரவாயில்லை என்று இருந்தது அக்காவுக்கு. அழுகை வரவில்லை. மேஸ்திரி விலை கேட்டது மட்டும் காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது. அன்றைக்கு வீட்டுக்குப் போயும் அவள் சாப்பிடவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் மேஸ்திரியின் மனைவி வந்தார். கணவருடைய பூட்ஸும் ஃபோனும் ஹெலிகாப்டரிலேயே தங்கிவிட்டன, அவற்றை வாங்கிக்கொள்ள. கூட அன்று ஃபோன் பேசிய ஆளும் வந்திருந்தான். அக்கா பையை எடுத்துக் கொடுத்தாள். அந்த அம்மா பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கக்கத்தில் இடுக்கியிருந்த பர்ஸை எடுத்துப் பிரித்தார்.

"எவ்வளவும்மா கட்டணும்? அவரு மெதுவா வர்றதையே அனுப்பச் சொன்னாராமே, இந்தத் தம்பி சொன்னாரு. குடும்பக் கஷ்டம் தெரிஞ்ச மனுஷன். அதுக்கு உள்ளதைச் சொல்லுங்க. முழுசாக் கொண்டுவரல, கொஞ்சம் கொஞ்சமாக் கட்டிடுறேன்."

சொல்லக் கூடாத வார்த்தையை அக்கா சொன்னாள்.

"ஒண்ணும் கட்ட வேணாம்மா. காசே கிடையாது."

"மெதுவா வர்றதுக்கா?"

"ரெண்டுக்குமே."

அந்த அம்மாவுக்கு அது உடனே பிடிபடவில்லை. திறந்த பர்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு கூட வந்தவன் பக்கம் திரும்பினார்.

"ஏன்ப்பா, இதை அவருகிட்ட யாரும் சொல்லலையா?"

அன்று ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டவன் அவன். அவன் அக்காவைப் பார்த்தான்.