டெலிபோன் வழியாக வந்த கடல்

பினாங்குத் தமிழர்களின் வணிக வரலாற்றை என்றாவது யாராவது பொன்னெழுத்தில் பொறிப்பார்களானால், அதன் முதல் அத்தியாயம் பீச் ஸ்திரீட்டில் இருக்கும் அய்யாக்கண்ணு அண்ட் சன்ஸ் என்ற கப்பல் சரக்கு நிறுவனத்துக்கே உரியது. கடலை வென்று நாற்றிசைக்கும் சரக்கு அனுப்பிய பெருமை அதனுடையது. தைப்பூச விடுமுறை முடிந்து கதவைத் திறந்த காலையில் அந்தக் கடல் அலுவலகத்துக்குள் கணுக்கால் அளவுக்கு நின்றிருந்தது. அது பினாங்குக் கடல் இல்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. தண்ணீர் சுத்தமாக இருந்தது.

மேனேஜர் ஏரம்பமூர்த்தி கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு முதலில் கழிப்பறைக் குழாயைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். முன்மேசையில் சுவிட்ச்போர்டு பார்க்கும் ஜெகதீஸ்வரிதான் தன் டெலிபோனைக் காட்டினார். பேசும் பக்கத்துத் துளைகளிலிருந்து உப்புத்தண்ணீர் சீராக ஒழுகிக்கொண்டிருந்தது. மற்ற மேசைகளிலும் அப்படியே. கணக்காளர் சுபாஷினியின் கால்குலேட்டர் மேல் மஞ்சள் வரி போட்ட ஒரு சின்ன மீன் துடித்தது. அவர் அதை மைலோ டின்னில் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினார்.

டெலிபோன் பழுது பார்க்கும் யுகேந்திரன் செபராங் ஜெயாவிலிருந்து பாலம் தாண்டி வந்தான். பெட்டியைத் திறந்தான், மடிக்கணினியைச் செருகினான், சப்பாத்தைக் கழற்றி அலமாரி மேல் வைத்தான். விஷயம் எளிமையானது. முதலாளி டத்தோ அய்யாக்கண்ணு வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு முகவர்களுடன் பேசுவதற்காக ஒரு வழி திறந்து வைத்திருந்தார்கள். வெளியிலிருந்து அலுவலக எண்ணைக் கூப்பிட்டு, ரகசிய எண்ணை அழுத்தினால், அலுவலகத்தின் லைன் கிடைக்கும். அதில் உலகத்தின் எந்த மூலைக்கும் பேசலாம், பில் அலுவலகத்துக்கு வரும். அந்த வழியில் எவனோ நுழைந்து, வரைபடத்தில் மூக்குப்பொடி சிந்தியதுபோல் கிடக்கும் பசிபிக் தீவுகளுக்கு விடுமுறை முழுவதும் கூப்பிட்டிருக்கிறான். அங்கே அவனே வாடகைக்கு எடுத்து வைத்திருக்கும் எண்கள்; கூப்பிடக் கூப்பிட, ஏறும் கட்டணத்தில் அவனுக்குப் பங்கு.

“தண்ணிக்கு என்ன கதை சொல்லப் போறீர்?” என்று ஏரம்பமூர்த்தி கேட்டார்.

“லைன் அவ்ளோ நேரம் தொறந்து கெடந்தா அந்தப் பக்கம் உள்ளதும் கொஞ்சம் வரும்தான் லா. தண்ணி நம்ம வாரன்டியில வராது பாஸ்.”

செய்ய வேண்டியதை அவன் சொன்னான். அந்த வழியை மூட வேண்டும். தேவையில்லாத நாடுகளை அடைக்க வேண்டும், விடுமுறைகளில் லைனைப் பூட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் ரகசிய எண்ணை மாற்ற வேண்டும். கடைசியைக் கேட்டதும் ஏரம்பமூர்த்தியின் முகம் கறுத்தது.

“அதை மாத்த ஏலாது. அது டத்தோவின்ட நாள்.”

“டத்தோ நாள்தான் பாஸ். அத தண்ணீர்மலை கோயில் ரோட்டுல பேனர்ல போட்டிருக்கீங்க. கீழயே ஆபீஸ் நம்பர். கதவுலயே சாவிய மாட்டிட்டு, திருடன் வந்துட்டான்னு என்னைக் கூப்புட்டா எப்படி?”

அந்த எண் பிறந்த கதையை இங்கே சொல்லியாக வேண்டும். அய்யாக்கண்ணுவுக்கு டத்தோ பட்டம் கிடைத்த ஆண்டில் நிறுவனமே கொண்டாட்டத்தில் மிதந்தது. பத்திரிகையில் முழுப்பக்க வாழ்த்து வந்தது. தினக்காலண்டரின் ஒவ்வொரு தாளிலும் பட்டம் பெற்ற தேதி அச்சானது. ஆண்டுதோறும் தைப்பூசத் தண்ணீர்ப்பந்தல் பேனரில், முருகனுக்கு வலப்பக்கம், முருகனைவிடச் சற்றே பெரிதாக டத்தோ நின்றார். காலடியில் அந்தத் தேதி. அப்போது வெறும் எழுத்தராக இருந்த ஏரம்பமூர்த்தி, அலுவலகத்தின் ரகசிய எண்ணும் அந்தத் தேதியாகவே இருந்தால் ஒவ்வொரு வெளிநாட்டுப் பேச்சும் டத்தோவின் புகழோடு தொடங்குமே என்று பணிவாகச் சொன்னார். டத்தோவின் கண் கலங்கியது. மறுமாதமே ஏரம்பமூர்த்திக்கு மேனேஜர் பதவியும் சன்னல் வைத்த அறையும் கிடைத்தன. இப்போது அந்த எண்தான் ஓட்டை என்று டத்தோவிடம் போய்ச் சொன்னால், சன்னல் என்னவாகும் என்று அவருக்குத் தெரியும்.

ஆகவே அவர் துடைப்பம் வாங்கினார். யுகேந்திரனை, மேலிடத்தில் கலந்து பேசிவிட்டுக் கூப்பிடுவதாகச் சொல்லி அனுப்பிவிட்டு, ‘தொலைபேசி ஒரு நிறுவனத்தின் நாக்கு, நாக்கைக் காப்பவன் நலம் காப்பான்’ என்று தொடங்கும் சுற்றறிக்கை ஒன்றை எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். உப்புக் காற்றில் அது இரண்டு நாளில் சுருண்டது.

சீனப் பெருநாள் விடுமுறை வந்தது. திரும்பி வந்தபோது தண்ணீர் முழங்காலுக்கு ஏறியிருந்தது. மாடிப்படியின் மூன்றாம் படியில் நண்டுகள் வெயில் காய்ந்தன. மாநகர் மன்றத்திலிருந்து வந்த காமாரியா என்ற அதிகாரி, தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பாக இருப்பதால் இது வடிகால் பிரிவில் வராது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பின்னாலேயே டெலிபோன் பில் வந்தது. சுபாஷினி அதைப் பிரித்துப் பார்த்தவர், தண்ணீர் இருப்பதையும் மறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“ஆளு யாரு?” என்று பில்லைப் பார்த்த டத்தோ கேட்டார். தண்ணீரைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

ஏரம்பமூர்த்தி ஜெகதீஸ்வரியின் பெயரைச் சொன்னார். சுவிட்ச்போர்டு அந்த அம்மாளின் மேசையில்தானே இருக்கிறது. அவர் அதைப் பொய் என்று நினைக்கவில்லை. நிர்வாகம் என்று நினைத்தார். கெலுகோரில் ஜெகதீஸ்வரி வாங்கியிருந்த ஃபிளாட்டின் வங்கிக் கடன் அந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது என்பதும், ஐம்பது தாண்டியவரை இன்னொரு கம்பெனி முன்மேசையில் உட்கார வைக்காது என்பதும் அவருக்குத் தெரியாததல்ல. அன்றிரவு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாயுத் தொல்லை என்று மனைவியிடம் சொன்னார்.

விசாரணை கூட்ட அறையில் நடந்தது. டத்தோ கோட்டில் பதக்கச் சின்னம் குத்திக்கொண்டு, காலைத் தூக்கி நாற்காலியில் சம்மணம் போட்டு அமர்ந்திருந்தார். சுபாஷினி குறிப்பெடுத்தார். ஜெகதீஸ்வரி சேலையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு நின்றார்.

“சொந்தக் கதைக்கு ஆபீஸ் லைனைப் பாவிச்சீரோ?” என்று ஏரம்பமூர்த்தி தொடங்கினார்.

“அந்தத் தீவுல எனக்கு யாரு சார் இருக்கா? மீன் வெல கேக்கணும்னா சௌராஸ்தா பசாருக்குப் போக மாட்டேனா?”

“கேட்டதுக்கு மட்டும் பதில்.”

“இல்ல சார். பாவிக்கல. முருகன் மேல சத்தியம். ஆபீஸ் பூட்டிக் கெடந்தப்போ நான் மக வீட்டுல ஈப்போவுல இருந்தேன். பஸ் டிக்கெட்கூட இருக்கு, காட்டவா?”

வேண்டாம் என்று ஏரம்பமூர்த்தி கையசைத்தபோது, மேசை நடுவிலிருந்த டெலிபோனில் பச்சை விளக்கு எரிந்தது. யாரும் தொடவில்லை. பொத்தான்கள் ஒவ்வொன்றாகத் தாமே அமுங்கின. ஒன்று, இரண்டு, பூஜ்யம், ஏழு, பூஜ்யம், எட்டு. டத்தோவின் உதடுகள் கூடவே அசைந்தன. முகம் மலர்ந்தது.

“மூர்த்தி! என் தேதிதானே இது! தீவுல இருக்கவனுக்கும் தெரிஞ்சிருக்கு, பாத்தியா?”

ஒலிபெருக்கியில் அலை புரண்டது. எங்கோ ஒரு சேவல் கூவியது. பிறகு பீய்ச்சியடித்த தண்ணீர் டத்தோவை மார்பு வரை நனைத்து, பதக்கச் சின்னத்தைக் கழற்றிக் கீழே கொண்டுபோனது. முகத்தைத் துடைத்துக்கொண்டபோது அவருக்கு மெல்ல விளங்கத் தொடங்கியது. பேனரை யோசித்தார், காலண்டரை யோசித்தார்.

“இந்த நம்பர வைக்கச் சொன்னது யாரு?”

ஏரம்பமூர்த்தி கால்சட்டையை இன்னும் ஒரு சுருட்டு ஏற்றினார். “நிர்வாகக் குழுவின்ட முடிவு, டத்தோ.”

அப்படியொரு குழு இருந்ததே இல்லை. டத்தோ அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தண்ணீருக்குள் கைவிட்டுப் பதக்கச் சின்னத்தைத் தேடத் தொடங்கினார். போதிய ஆதாரம் இல்லாததால் விசாரணை கைவிடப்பட்டது. ஜெகதீஸ்வரியிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் வழக்கம்போல வேலைக்கு வரலாம் என்று சொன்னார்கள், வந்தார்.

யுகேந்திரன் எல்லாவற்றையும் ஒரே மதியத்தில் முடித்தான். வெளிவழி மூடப்பட்டது, நாடுகள் அடைக்கப்பட்டன, விடுமுறைக்குப் பூட்டு விழுந்தது. அலுவலகத்துக்குள்ளிருந்தே வெளிநாட்டுக்குப் பேச, எந்த நல்ல நாளையும் குறிக்காத நீளமான புது எண் ஒன்றைக் கணினியே போட்டுக் கொடுத்தது. டத்தோவுக்கு அது மனதில் நிற்கவில்லை. அதை ஏரம்பமூர்த்தியிடம் கொடுக்க வேண்டாம் என்று அவர் காரணம் சொல்லாமல் சொன்னார். ஆக, எண் ஜெகதீஸ்வரியிடம் போனது; யாருக்கு வெளிநாட்டு லைன் வேண்டுமென்றாலும் அவர்தான் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஆயிற்று. அடைத்ததில் ஒரே குறை, உள்ளே வந்த கடல் திரும்பிப் போக வழியில்லாமல் தங்கிவிட்டது. தன் தீவின் நேரப்படி அது இங்கே ஏறுகிறது, இறங்குகிறது. கோப்பு அலமாரிகளுக்குச் செங்கல் வைத்தார்கள். சுங்கத்துறை ஆட்கள் ரப்பர் பூட்ஸ் போட்டு வரப் பழகினார்கள். வெள்ளிக்கிழமை தவிர்த்து மற்ற நாள்களில் எழுத்தர்கள் மீன் எடுத்துப் போகலாம் என்று விதி வந்தது. வெளியூர் முகவர்கள் கேட்டால், கடலோர நிறுவனம் என்றால் இப்படித்தான் என்று டத்தோ சொல்வார்.

எண்ணை மாற்றிய மறுநாள், வெளிநாட்டு லைன் போகவில்லை என்று முதலில் வந்து நின்றவர் ஏரம்பமூர்த்தி. மெல்பர்னில் இருக்கும் மகள் தர்ஷிகாவோடு பேச வேண்டுமாம். அன்றிலிருந்து ஞாயிறு தவிர எல்லா நாளும் மத்தியானத்தில் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு முன்மேசைக்கு வருகிறார். ஜெகதீஸ்வரி டெலிபோனைத் தன் பக்கம் திருப்பி, கையால் மறைத்துக்கொண்டு எண்ணை அழுத்திக் கொடுக்கிறார். ஒருநாள் மட்டும், “கைப்போன்லயே வாட்சப் இருக்கே சார், ஃப்ரீதானே லா?” என்று கேட்டுவிட்டார். ஏரம்பமூர்த்தி ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றார். அவருடைய கைப்பேசி எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் தர்ஷிகா எடுப்பதில்லை.