தானே போய்ச் சேரும் சிறை

தீர்ப்பு வாசிக்கப்பட்ட பின் புவனேந்திரன் ரயிலேறி வீட்டுக்கு வந்தான். ஆட்களை எல்லை தாண்டித் தன் வாகனத்தில் களவாகக் கொண்டுவந்ததற்கு இரண்டேகால் ஆண்டுச் சிறை. ஆயினும் விலங்கு மாட்டவில்லை. காவலர் எவரும் உடன் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் பூத்த வயல்கள் மிதந்து சென்றன. அது 2006ஆம் ஆண்டின் மே மாதம், ஜெர்மனியில்.

சட்டத்தரணி தெளிவாகவே விளக்கியிருந்தார். இரண்டு ஆண்டைத் தாண்டிய தண்டனையை நிறுத்திவைக்க இயலாது. தப்பியோடமாட்டான் என்று நம்புவதால் இப்போது வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தீர்ப்பு உறுதியானபின் அழைப்பு வரும். குறித்த நாளில் அவனே சிறைக்குப் போய்ச் சேரவேண்டும்.

மனைவி ஜெயமலர் அனைத்தையும் கேட்டாள், நம்பவில்லை. சிறைக்குரியவனை வீட்டுக்கு அனுப்பும் நீதிமன்றம் அவள் அறிந்த உலகில் இல்லை. வீடு வந்தவன் விடுதலையானவன். ஆகவே அடுத்த மாதம், நேர்த்திக்கடன் நிறைவேற்ற அவனை ஊன்ட்றொப் என்னும் ஊரிலுள்ள அம்மன் கோயில் திருவிழாவுக்கு அழைத்துச் சென்றாள்.

தேர் நகர்ந்தது. கற்பூரப் புகை கோயிலருகே ஓடும் கால்வாயின் மேல் படிய, சரக்குப் படகொன்று அதனுள் புகுந்து ஓசையின்றிக் கரைந்தது. பலர் அவன் கையைப் பற்றி வாழ்த்தினார்கள். விடுதலை இல்லை என்று அவன் மறுத்ததை அடக்கம் என்று கொண்டார்கள். குடும்ப நண்பர் அருட்பிரகாசம் மட்டும் முழுவதும் கேட்டார்; பிறகு சிரித்தார்.

"அழைப்பு வந்து போறதுக்கு மறியல் வீடென்ன கலியாண வீடோ, தம்பி?"

கூட்டம் தேருடன் விலகியதும் அவன் ஜெயமலரிடம் சொன்னான்.

"நேற்று அழைப்பு வந்திட்டுது, மலர். வாற திங்கள் போகவேணும்."

"ஆர் வந்து கூட்டிக்கொண்டு போறது?"

"ஒருத்தரும் இல்லை. நான்தான் போகவேணும்."

"போகாட்டில்?"

"வந்து பிடிப்பினம்."

அவள் கால்வாய் நீரைப் பார்த்தாள். விடுதலை என்று அவள் கொண்டாடியது வெறும் தவணை, சிறைக்கு முன் கிடைத்த அவகாசம். அது தண்ணீரைப் போலவே, அசையாததாகத் தோன்றி, நகர்ந்துகொண்டிருந்தது.

"தனியப் போகாதேங்கோ," என்றாள். "நானும் வாறன்."

திங்கட்கிழமை சிறைச்சாலைத் தெருவில் லிண்டன் மரங்கள் பூத்திருந்தன; தேனீக்களின் ரீங்காரத்தில் மதிலே உறங்குவதுபோல் இருந்தது. புவனேந்திரன் மணியை அழுத்தினான். சுவரிலிருந்த ஒலிபெருக்கி, பல் வைத்தியரின் வரவேற்பறையைப் போல, முன்கூட்டியே நேரம் பெற்றிருக்கிறீர்களா என்று வினவியது. ஆம் என்றான். கதவு திறந்தது. அதிகாரி இருவரையும் பார்த்து, உள்ளே வருபவர் யார் என்று கேட்டார்.

அவன் வாய் திறக்குமுன் ஜெயமலர் ஜெர்மன் மொழியில் சொன்னாள்: "இவர்தான்."

பிறகு தான் சுமந்துவந்த உடுப்புப் பையை அவன் கையில் கொடுத்தாள்.