லைன் நின்ற நேரம்

அந்தக் கார் தொழிற்சாலையில், கார்களை ஒவ்வொரு ஆளிடமாக நகர்த்திக்கொண்டு போகும் லைன் நிற்காத நாளே கிடையாது. வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய பாகம் வராது. வந்தால் பொருந்தாது. பொருந்தினால் கரண்ட் போய்விடும். யாரும் அலட்டிக்கொள்வதில்லை. வெளிநாட்டுக் கார்கள் உள்ளே வராதபடி அரசு வரியைத் தலைக்குமேல் ஏற்றி வைத்திருந்ததால், இந்தக் காரை வாங்க ஊரே காத்துக் கிடந்தது.

சீட் பொருத்துகிறவளுக்கோ லைன் நிற்பது வரப்பிரசாதம். கொஞ்சம் தள்ளிக் கதவு மாட்டுகிறவன் அவள் கணவன். லைன் நின்றதும் அவன் நடந்து வருவான். அவள் அப்போதுதான் சீட் போட்ட, கதவில்லாத காரில் இருவரும் ஏறி உட்காருவார்கள். கல்யாணமாகி அவர்களுக்கு வாய்த்த தனியிடம் அது ஒன்றுதான். வீட்டில் மாமனார், மாமியார், கொழுந்தன், ஓரகத்தி, அவர்கள் பிள்ளைகள் என்று கூட்டம். ஓர் அலமாரிக்குப் பின்னால்தான் இவர்கள் படுக்கை. பெருமூச்சு விட்டால்கூட உடம்பு சரியில்லையா என்று மாமியார் கேட்பார். பாவம், நல்ல மனுஷிதான்.

காரில் உட்கார்ந்ததும் அவன், "எங்க போகலாம்?" என்பான். அவள் கடல் என்பாள், மலை என்பாள். அவன் வாயாலேயே ஹாரன் அடிப்பான்.

பிறகு வரியைக் குறைக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. வெளிநாட்டுக் கார்கள் வந்துவிடுமே என்று நிர்வாகம் விழித்துக்கொண்டது. புது மேலாளர் வந்தார், ஜெனரேட்டர் வந்தது, பாகங்கள் முன்கூட்டியே குவிந்தன. குறை கண்டவர் இழுத்து லைனை நிறுத்த ஆளுக்கொரு கயிறு தொங்கியது. நின்றாலும் உடனே சரிசெய்து ஓடவிட்டார்கள். உற்பத்தி இரட்டிப்பானது, சம்பளமும் ஏறியது. எல்லோருக்கும் வாயெல்லாம் பல். அவளுக்கு மட்டும் எதையோ பறிகொடுத்த மாதிரி இருந்தது. கூடவே இருக்கும் புருஷனுக்காக ஏங்குகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

ஒரு நாள் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது கேட்டே விட்டாள்: "உங்களுக்கு ஒன்னுமே தோணலையா?"

"வேலை நல்லா நடக்குதே," என்றான் அவன், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

கல்நெஞ்சக்காரன் என்று அன்று முழுக்க அவனோடு முகம்கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் மத்தியானம் லைன் நின்றது. கயிற்றை இழுத்தது அவள் கணவன் என்றார்கள். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதவு விஷயத்தில் ஒரு குறையும் வைக்காத ஆள் அவன். பழக்கதோஷத்தில் அவள் காருக்குள் ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் இடமும் விட்டாள்.

அவன் வரவில்லை. எங்கே குறை என்று மேற்பார்வையாளர் அவனைத் துளைத்தெடுத்துக்கொண்டிருந்தார். அவன் நல்ல கதவு ஒன்றைத் தடவிக்கொண்டே நின்றான். கடைசியில் அவனைத் திட்டிவிட்டு லைனை ஓடவிட்டார்கள்.

கார் நகர்ந்தது. இத்தனை காலம் அவர்கள் உட்கார்ந்திருக்கையில் ஓர் அங்குலம் அசையாத கார். இறங்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். இறங்கவில்லை. வழியில் இருந்தவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கதவைத் தூக்கிக்கொண்டு வந்தவன் அவளைக் கண்டதும் நின்றுவிட்டான்.

"எங்க போற?" என்றான்.

"இவ்வளவு தூரம்தான் வர முடிஞ்சுது."

லைன் நிற்கவில்லை. அவன் கைகள் பழக்கத்தில் கதவை மாட்டி, மெதுவாகச் சாத்தின. கார் அவனைத் தாண்டிப் போனது.